அறுநூற்று நாற்பத்தொன்றால் வகுபடும்

4294967297 பகா எண் அல்ல. 641-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஒரு கணக்கு வாத்தியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. தெரியாததை மறைத்தது குற்றம். அந்தப் பழியை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் தலையில் இறக்கிவைத்தது அதைவிடப் பெரிய குற்றம். நான் செய்தது இரண்டும். முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஊரில் கணக்கில் சென்டம் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். விடியற்காலையில் என் வீட்டுத் திண்ணையில் டியூஷன் நடக்கும். பிள்ளைகளின் செருப்பு தெரு வரைக்கும் கிடக்கும். பால்காரர் அதைத் தாண்டித்தான் வருவார். அந்தச் செருப்புக் குவியலைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. மண்டைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன் பாடத்தை நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். மிச்ச வகுப்புகளில் பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து ஏதாவது எடுப்பேன். பிள்ளைகளின் அறிவு விரியட்டும் என்று சொல்லிக்கொள்வேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவர்கள் வாயைப் பிளந்து என்னைப் பார்ப்பதற்காக. எண் கோட்பாடு பற்றி ஒரு தடித்த புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். முதல் சில அத்தியாயங்களைத் தாண்டி அதில் நான் போனதில்லை. போனவன் போலப் பேசுவேன்.

அன்று எடுத்தது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐ அத்தனை முறை பெருக்குங்கள். விடையிலிருந்து 2-ஐக் கழியுங்கள். மிச்சம் அந்தப் பகா எண்ணால் கச்சிதமாக வகுபடும். 7-ஐ எடுத்தால் 128. இரண்டு போக 126. அது 7-இன் 18 மடங்கு. 11-ஐ எடுத்தால் 2048. இரண்டு போக 2046. அது 11-இன் 186 மடங்கு. 13-க்கு 8190 வந்தது. அதுவும் 13-ஆல் வகுபட்டது. பிள்ளைகள் ரஃப் நோட்டில் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

"சார், திருப்பிச் சொன்னாலும் சரியா சார்? வகுபட்டா அது பகா எண்தான்னு சொல்லிடலாமா?"

அந்த ஆண்டு அந்த வகுப்பில் எழுந்த கேள்விகளில் உயர்ந்தது அதுதான். ஒரு தேற்றத்தைக் கேட்டவுடன் அதன் மறுதலை உண்மையா என்று கேட்பவர்கள் அபூர்வம். மறுதலை தனியாக நிரூபிக்கப்பட வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். பிதாகரஸ் தேற்றம் இரண்டு பக்கமும் நிற்கும். எல்லாத் தேற்றமும் அப்படி நிற்காது. இது எனக்குத் தெரியும். இந்தத் தேற்றம் எந்த வகை என்பதுதான் தெரியாது.

"தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தெரியவில்லை என்ற சொல்லை அந்தக் கரும்பலகைக்கு முன்னால் நான் அதுவரை சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. 4, 6, 8, 9 என்று நாலைந்து பகு எண்களை மளமளவென்று போட்டுக் காட்டினேன். எதுவும் வகுபடவில்லை. "பார்த்தியா? பகு எண் இதுல மாட்டிக்கும். ரெண்டு பக்கமும் சரிதான், எழுதிக்கோ" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். வகுப்பே எழுதிக்கொண்டது.

அந்தச் சோதனை 340 வரை எங்கேயும் தவறாது. 341-இல் தவறும். 341 என்பது 11-ஐ 31-ஆல் பெருக்கினால் வருவது. சுத்தமான பகு எண். ஆனால் 2-இன் பத்தாம் அடுக்கு 1024. அதை 341-ஆல் வகுத்தால் மீதி 1. அதை முப்பத்து நான்கு முறை பெருக்கினாலும் மீதி 1-தான். ஆகவே 340-ஆம் அடுக்குக்கும் மீதி 1. 341-ஆம் அடுக்குக்கு மீதி 2. இரண்டைக் கழித்தால் பூஜ்யம். 341 வேஷம் போட்டுக்கொண்டு பகா எண்களின் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் அலமாரியில் இருந்த புத்தகத்திலும் இது இருந்தது. நான் திருப்பாத பக்கத்தில்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா லேத் பட்டறையில் வேலை. அவள் பேசுவது குறைவு. ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகு இன்னொரு வழியிலும் போட்டுப் பார்ப்பாள். ஒரு கல்லூரிக் கணிதத் துறை பள்ளி மாணவர்களுக்குக் கருத்தரங்கம் நடத்தியது. நான் அவள் பெயரைக் கொடுத்தேன். என்ன தலைப்பு என்று கேட்டதற்கு, ஒரு பெரிய எண்ணைப் பகா எண் என்று காட்டப்போவதாகச் சொன்னாள்.

எண்ணை அவளே தேடிப் பிடித்தாள். 2-உடன் 1 சேர்த்தால் 3. 2-ஐ வர்க்கப்படுத்தி 1 சேர்த்தால் 5. 4-ஐ வர்க்கப்படுத்தி 1 சேர்த்தால் 17. அப்படியே 257. அடுத்து 65537. ஐந்தும் பகா எண்கள். ஆறாவதாக வருவது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அதுவும் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. 1640-இல் ஃபெர்மாவுக்கும் இதே எண்வரிசையைப் பார்த்து இதேதான் தோன்றியது என்று அவளுக்குத் தெரியாது. வழிகாட்டி என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு அவள் நிரூபணத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நாலே வரி. அந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்கைவிட ஒன்றுதான் அதிகம். அதனால் 32-ஆம் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி, குறை 1. வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. அந்த எண்ணில் ஒன்று குறைத்தால் வருவது 64-இன் மடங்கு. ஆகவே அத்தனை பெரிய அடுக்குக்கும் மீதி 1. ஒரு முறை கூடப் பெருக்கினால் 2. இரண்டைக் கழித்தால் வகுபடுகிறது. சார் சொன்ன விதிப்படி பகா எண்.

ஒவ்வொரு வரியும் சரி. நூற்று முப்பது கோடி இலக்கத்துக்கு நெருக்கமாகப் போகும் ஓர் எண்ணை, எழுதிப் பார்க்காமலேயே நாலு வரியில் வகுத்து மீதி சொல்லியிருந்தாள் ஒரு பதினாறு வயதுப் பெண். கடைசி வரி மட்டும் தவறு. அந்த ஒரு வரி என்னுடையது.

அன்றைக்கும் அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். "சார், எதுக்கும் ஒரு தடவை வகுத்துப் பார்த்துடட்டுமா? 65536 வரைக்கும் இருக்கிற பகா எண்ணால வகுத்தாப் போதும்."

நான் சிரித்தேன். "தேற்றம் கையில இருக்கும்போது யாராவது வகுத்துட்டு உட்கார்ந்திருப்பாங்களாம்மா?" என்றேன்.

65536-க்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையும் வேண்டியதில்லை. 641 என்பது 116-ஆவது பகா எண். அவள் வேகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். மீதி பூஜ்யம் வந்திருக்கும். திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து, "சார், நீங்க சொன்னது தப்பு" என்று சொல்லியிருப்பாள். அவளை நான் தடுத்தபோது இதெல்லாம் என் மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வகுத்துப் பார்க்கிறேன் என்ற பிள்ளையை வேண்டாம் என்று தடுக்கும் கணக்கு வாத்தியார் எதற்காக இருக்கிறான்?

கருத்தரங்கத்துக்கு அவள் அப்பாவும் வந்திருந்தார். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கை நகங்களில் கிரீஸ் கறை போகவில்லை. கணக்கு ஒரு வரியும் அவருக்குப் புரிந்திருக்காது. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நன்றாகப் பேசினாள். தடுமாறவில்லை. நடுவராக இருந்த வயதான பேராசிரியர் முதல் மூன்று வரிகளுக்கும் தலையாட்டினார். நாலாவது வரியில் ஆட்டம் நின்றது. முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கே. ஒரு பெருக்கல் போட்டுக் காட்டுறியாம்மா? 6700417-ஐ 641-ஆல பெருக்கு."

அவள் சாக்பீஸை எடுத்தாள். ஒன்றால் பெருக்கி 6700417 என்று எழுதினாள். கீழே நாற்பதால் பெருக்கி 268016680. அதற்குக் கீழே அறுநூறால் பெருக்கி 4020250200. கோடு போட்டாள். வலப்பக்கத்திலிருந்து கூட்டினாள். 7. பிறகு 9. பிறகு 2. பிறகு 7. அங்கே அவள் கை நின்றது. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. மீதி ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டி எழுதினாள். 4294967297.

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "இது ஃபெர்மாவே செஞ்ச தப்பும்மா, வருத்தப்படாதே" என்றார். பிறகு, "இந்த விதி எங்கே படிச்சே?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அது கேட்கும் பார்வை. வகுப்பில் கேள்வி கேட்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. சார் எழுந்து ஏதோ சொல்வார் என்று காத்திருந்தாள்.

பேராசிரியரும் என்னைப் பார்த்தார். "நீங்கதான் கைடா சார்?"

நான் எழுந்தேன். சொன்னேன்.

"தேற்றத்தை மட்டும்தான் சார் நான் சொல்லிக்கொடுத்தேன். மறுதலையை அவளா எடுத்துக்கிட்டா போலிருக்கு. நானும் கவனிக்கலை."

மூன்று வாக்கியம். முதலாவது பொய். இரண்டாவது பொய். மூன்றாவது, பொய்க்கு மேல் பூசிய அடக்கம். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் கொஞ்சமாவது ஆறுதல் இருக்கும். இது யோசிக்காமல் வந்தது. ஆபத்து என்றதும் என் உள்ளேயிருந்து முதலில் எது வரும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் அரங்கமே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரியவில்லை. நம்பிவிட்டார்கள். சென்டம் வாத்தியார் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

அவள் மறுக்கவில்லை. நோட்டு அவள் கையில்தான் இருந்தது. விதியும் அதில் இருந்தது. "எங்க சார் எழுதச் சொன்னாரு" என்று பிரித்துக் காட்டியிருக்கலாம். டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

பேருந்து நிலையத்தில் அவள் அப்பா என்னிடம் வந்தார். "பாப்பா தப்பு பண்ணிடுச்சுங்களா சார்?" என்று கேட்டார். அவள் எட்ட நின்றுகொண்டிருந்தாள். அரங்கத்தில் செய்ததைச் சரிசெய்ய எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. கேட்டவருக்குக் கணக்கு தெரியாது. அவர் முன்னால் எனக்கு இழக்க எதுவும் இல்லை. "சின்னப் பொண்ணுதானே, விடுங்க. அவசரப்பட்டுட்டா" என்றேன். எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அன்றிரவு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எல்லாம் அதில் இருந்தது. ஃபெர்மா 1640-இல் கடிதங்களில் இதை எழுதியபோது, தனக்கு நம்பிக்கை இருக்கிறது, நிரூபணம் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மூளைகளில் ஒருவருக்கு அதைச் சொல்ல வெட்கம் இல்லை. 1732-இல் ஆய்லர் அந்த எண்ணை உடைத்துக் காட்டினார். அதைப் படித்தபோதுதான் இன்னும் குறுகிப்போனேன். அந்த எண்ணுக்கு வகு எண் இருந்தால், அது 64-இன் மடங்கோடு 1 சேர்த்ததாகத்தான் இருக்க முடியும் என்பது ஆய்லரின் வழி. அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. அவ்வளவுதான். ஐந்தாவது வகுத்தலில் முடிந்துவிடும். ஒரு வகுப்பு மணி அடிப்பதற்குள் போடக்கூடிய கணக்கு.

இன்னொன்றும் அதில் இருந்தது. அவள் எடுத்த எண்வரிசை இருக்கிறதே, அதில் வரும் ஒவ்வோர் எண்ணும், பகா எண்ணோ இல்லையோ, 2-ஐ வைத்துச் செய்யும் அந்தச் சோதனையில் தேறிவிடும். அவளுடைய அந்த நாலு வரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான் கொடுத்த விதி எந்த இடத்தில் முழுக் குருடோ, சரியாக அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறாள். 2-க்குப் பதில் 3-ஐ எடுத்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். 3-ஐ வைத்து இந்த எண்களைச் சோதிக்கும் ஒரு வழிக்குப் பெப்பின் சோதனை என்று பெயர். அது இரண்டு பக்கமும் நிற்கும். மற்ற எண்களுக்கு அந்த உத்தரவாதமும் இல்லை. சில பகு எண்கள் 2, 3, 5 என்று எதை வைத்துச் சோதித்தாலும் ஏமாற்றும். அவற்றில் ஒன்று 1729. ராமானுஜன் பிறந்தநாள் விழாவில் நான் வருடம் தவறாமல் மேடையேறிச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய அதே எண். 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கல். ராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்ஸி வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது.

விடிந்ததும் வகுப்புக்குப் போனேன். திரிகோணமிதி எடுத்தேன். முந்தைய நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில் இருக்கும் விதியை அடித்துவிடுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை அந்த ஆண்டு முழுக்க நான் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து அந்தத் தேற்றத்தையே எடுப்பதை விட்டுவிட்டேன். தவறைத் திருத்தவில்லை. தடயத்தை மட்டும் அழித்தேன்.

அவள் அதற்குப் பிறகு வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கவில்லை. மதிப்பெண் குறையவில்லை. கணக்கில் நல்ல மார்க்தான் வாங்கினாள். கல்லூரியில் கணிதம் எடுக்கவில்லை. வேறு ஏதோ படித்து வேலைக்குப் போனாள். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. வேறு நூறு காரணம் இருந்திருக்கலாம். ஒருவரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டேன் என்று நினைப்பதிலும் ஒரு மண்டைக்கனம் ஒளிந்திருக்கிறது. நான் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, கேட்பதை நிறுத்தியது. எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியும்.

2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் பகா எண்ணைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எந்த எண்ணிடமும் ஏமாறாத, வேகமான வழி. செய்தித்தாளில் வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு, விளக்குங்கள் என்றார்கள். விளக்கினேன். ஃபெர்மாவின் தேற்றத்தை மட்டும் நம்பினால் 341 போன்ற எண்கள் ஏமாற்றிவிடும், மறுதலை உண்மையல்ல, பலர் இந்த இடத்தில் தவறு செய்வார்கள் என்றேன். பலர் என்றேன். குரல் நடுங்கவில்லை. பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் போலப் பேசினேன். ஒரு இளம் ஆசிரியர் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அதே வகுப்பில் படித்த ஒருவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார். டியூஷன் சென்டர் நடத்துகிறாராம். "நீங்க சொன்ன அந்த ரெண்டோட அடுக்கு ட்ரிக்கைத்தான் சார் இன்னைக்கும் பசங்களுக்குச் சொல்லித் தர்றேன், பகா எண் கண்டுபிடிக்க" என்றார். பந்தியில் இடம் பிடிக்க வேண்டும் என்று அவசரமாகப் போய்விட்டார். நானும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: நான் சொன்ன மறுதலை தவறு. 341-ஐப் போட்டுப் பாருங்கள். யாருக்காவது சொல்லிக்கொடுத்திருந்தால் திருத்திச் சொல்லுங்கள்.

கருத்தரங்கத்தில் இருந்தவர்களுக்கு: அந்தப் பெண் தேற்றத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் எழுதச் சொன்னதைத்தான் எழுதினாள். மறுதலை உண்மையா என்று முதலில் கேட்டவள் அவள். வகுத்துப் பார்க்கலாம் என்று சொன்னவளும் அவள்தான். வேண்டாம் என்றது நான்.